விசுவாசம் வரும்வரை பிரசங்கிக்கலாமா?

தன்னிடம் இல்லாத ஒன்றைப் பிறருக்குப் போதிக்க ஒரு குருவுக்கு உரிமை உண்டா? 1738 மார்ச்சில் ஆக்ஸ்ஃபோர்டில், பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி இந்தக் கேள்வியில்தான் சிக்கிக்கொண்டார். அப்போது அவர் குருப்பட்டம் பெற்றுப் பத்தாண்டு ஆகப்போகிறது. அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்கு ஊழியத்துக்குப் போய், மனமொடிந்து திரும்பியிருந்தார். போகும்போது கப்பலைப் புயல் அலைக்கழிக்க, அவர் சாவுக்கு நடுங்கினார். உடன் வந்த ஜெர்மானிய மொரேவிய சபையாரோ குஞ்சுகுளுவானோடு பாடிக்கொண்டிருந்தார்கள். இங்கிலாந்துக்கு வந்தபின் பீட்டர் போலர் என்ற மொரேவியரிடம் பேசப் பேச, தமக்கு விசுவாசமே இல்லை என்று அவருக்குத் தோன்றிவிட்டது. பிரசங்கிப்பதை விட்டுவிடட்டுமா என்று கேட்டார். கூடாது, விசுவாசம் வாய்க்கும்வரை அதையே பிரசங்கியும் என்றார் போலர். ஓரிரு நாளில் வெஸ்லி அப்படியே தொடங்கினார். முதலில் கேட்டவர் மரண தண்டனை விதிக்கப்பட்ட ஒரு கைதி.

அந்தக் கைதியை நினைத்தால் போலரின் யோசனை உறுத்தத்தான் செய்கிறது. சாகப்போகிறவருக்கு ஆராய்ந்து பார்க்க அவகாசம் ஏது? குருவானவரின் தகுதிக்குறைவால் சடங்கின் பலன் குறையாது என்று இங்கிலாந்து திருச்சபையின் 39 விதிகளில் 26ஆவது சொல்கிறது. அது கைதிக்கு ஆறுதல். குருவின் நாணயத்துக்கு அது ஜாமீன் ஆகாது.

ஆனாலும் வெஸ்லி அங்கே பொய் சொன்னார் என்று தீர்ப்பளிக்க முடியாது. கிறிஸ்து என்ன செய்தார் என்று சொல்வது வேறு, எனக்கு அது கிடைத்துவிட்டது என்று சொல்வது வேறு. முதலாவதைத் தேடுகிறவரும் சொல்லலாம், தேடுவதை நிறுத்தாதவரை. தேட்டம் செத்து, சம்பளம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும் பிரசங்க மேடைக்கு இந்தச் சலுகை இல்லை.

அதே ஆண்டு மே 24 இரவு, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருக் கூட்டத்தில் அவர் உள்ளம் அனல் கொண்ட கதையை மெதடிஸ்டுகள் எல்லாரும் அறிவார்கள். கதையை அங்கேயே முடித்துவிடுவதுதான் வழக்கம். அவருடைய 1739 ஜனவரிக் குறிப்பொன்றோ, தாம் இன்னும் கிறிஸ்தவரே அல்ல என்கிறது. அச்சிட்ட நாட்குறிப்பில் அதை யாரோ ஒருவர் எழுதியதாகப் போட்டிருக்கிறார்; வெஸ்லியே எழுதியதுதான் என்பது ஆய்வாளர்களின் பொதுக் கருத்து. சிறைச்சாலைப் பிரசங்கத்தைவிட இந்த மறைப்புத்தான் எனக்கு நெருடுகிறது. நிச்சயம் இல்லாதவருக்கு இரட்சிப்பு இல்லை என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தவரால், அந்த நிச்சயம் தமக்கும் ஆட்டம் காண்கிறது என்று பெயர்போட்டுச் சொல்ல முடியவில்லை. கேட்டவர்களுக்கு அவர் வைத்த அளவுகோல் அவரையே மறைந்துகொள்ள வைத்தது.

முதுமையில் அந்த அளவுகோலை அவரே தளர்த்தினார். பழைய நாட்குறிப்புக்குத் திருத்தக் குறிப்பு எழுதி, ஆல்டர்ஸ்கேட்டுக்கு முன்பும் தமக்கு ஊழியக்காரனின் விசுவாசம் இருந்தது, பிள்ளையின் விசுவாசம்தான் வரவில்லை என்றார். 1788இல், 84 வயதில் எழுதிய பிரசங்கத்தில், ஆரம்ப காலத்தில் இந்த வேறுபாடு புரியாமல் தேவபயமுள்ளவர்களைக் கலங்கடித்துவிட்டோம் என்று ஒப்புக்கொண்டார். ஐம்பது ஆண்டு கழித்து வந்த திருத்தம்.

நம் ஊர்ச் சாட்சிக் கூட்டங்களில் எந்தத் தேதியில் இரட்சிக்கப்பட்டாய் என்று இன்றும் கேட்கிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாக நம்பத் தொடங்கி, நடுநடுவே தடுமாறும் பிள்ளை என்ன பதில் சொல்லும்? ஏதோ ஒரு கன்வென்ஷன் தேதியைச் சொல்லிவைக்கும். பொய் அங்கேதான் பிறக்கிறது. அதில் கேட்டவருக்கும் பங்குண்டு, பாதிக்கு மேலேயே.

நிச்சயத்தை அளவுகோலாக வைத்த அதே ஆண்டுகளில், அரைகுறை விசுவாசியைத் திருவிருந்துக்குச் சேர்க்கலாமா என்பதில் மட்டும் வெஸ்லி தெளிவாக இருந்தார் என்பது வியப்பு. பூரண விசுவாசம் வரும்வரை திருவிருந்தையும் தவிர்த்துச் சும்மா காத்திருக்க வேண்டும் என்று லண்டன் ஃபெட்டர் லேன் சங்கத்தில் சிலர் போதித்தார்கள். வெஸ்லி ஒப்பவில்லை. விசுவாசம் அந்தப் பந்தியிலேயே பிறக்கக்கூடும் என்று வாதாடி, 1740 ஜூலையில் சங்கத்தை விட்டே வெளியேறினார். அவர் விட்டுவந்ததும் மொரேவியர் செல்வாக்கில் இருந்த சங்கம்தான். விசுவாசம் வருமுன்னே பிரசங்கி என்று அவரைத் தூக்கி நிறுத்தியவரும் ஒரு மொரேவியர்தான்.