கடனும் கடமையும்

வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுத்தல் வேண்டும் என்பதை மறுப்பார் எவருமிலர். கோயிலும் பள்ளிவாசலும் பாடசாலையும் குடும்பமும் ஒருமித்து நமக்குப் புகட்டிய அறம் அது. கடனைக் கொடாதவனை நாணயமற்றவன் என்கிறோம். தமிழிலே நாணயம் என்ற ஒரே சொல் காசையும் குறிக்கின்றது, நேர்மையையும் குறிக்கின்றது. கடன் என்ற சொல்லோ, பட்ட கடனையும் ஆற்றவேண்டிய கடமையையும் ஒருசேர உணர்த்துகின்றது. இறந்தார்க்குச் செய்யும் நீர்க்கடன் அச்சொல்லாலேயே வழங்குகின்றது. சோழர் காலக் கல்வெட்டுக்களிலே கடமை என்பது நிலவரியின் பெயர். ஒருவர்க்கொருவர் செய்யவேண்டியது என்ற விரிந்த கருத்தும், வலியவனுக்கு எளியவன் செலுத்தவேண்டியது என்ற குறுகிய கருத்தும் ஒரே சொல்லுக்குள் குடியிருக்கின்றன. எனவே, ‘கடனைத் தீர்ப்பது கடமை’ என்று ஒருவர் கூறும்போது, எந்தக் கடமையைக் கூறுகிறார் என்று கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு.

இவ்வினாவை ஏட்டளவில் ஆராய்வதால் பயனில்லை. திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்து வாழும் மக்களின் வாழ்க்கையை வைத்து ஆராய்வோம்.

உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று எனப் புகழப்படும் இத்துறைமுகத்துக்காகப் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் போராடினர். அதன் கரையில் வாழ்ந்தவர்க்கோ கிடைத்தது கூலி மட்டுமே. 1957ஆம் ஆண்டில் பிரித்தானியக் கடற்படை தளத்தை ஒப்படைத்து வெளியேறியபோது, அதை நம்பி வாழ்ந்தவர் பலரின் கூலியும் போயிற்று. கடற்றொழிலாளர் நிலை வேறு வகையானது. வலையும் தோணியும் உடைய சம்மாட்டி முற்பணம் கொடுப்பார். பிடித்த மீனை அவர் சொன்ன விலைக்கு அவரிடமே கொடுத்தல் வேண்டும். அம்முற்பணம் தீர்ந்துவிடவேண்டும் என்று சம்மாட்டி விரும்பியதில்லை. தீராத கடனே தொழிலாளியைக் கரையிலே கட்டிவைத்த கயிறு. மாரிகாலத்தில் கடல் கொந்தளித்து அடுப்பு அணைந்தபோது அரிசிக்குக் காசு கொடுத்தவரும் அவரே என்பது உண்மைதான். ஒரே ஊரில், ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்து வாழ்ந்தமையால் அச்சுரண்டலுக்கும் ஓர் எல்லை இருந்தது. ஆயினும் அது சுரண்டலே.

இத்தகைய கடனடிமை நாடெங்கும் நிலவியதாலேயே 1911ஆம் ஆண்டிற் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் இலங்கையில் இயற்றப்பட்டது. உறுப்பினரின் சேமிப்பே கடனாகும். அவர் கொடுக்கும் வட்டி மீண்டும் சங்கத்துக்கே வரும். கடன் என்ற சொல்லின் இரு பொருளும் அங்கே ஓரளவு ஒன்றுபட்டன.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தோணிகளையும் வலைகளையும் கொண்டுபோயிற்று. 2006இல் மூதூரும் சம்பூரும் போர்க்களமாயின; சம்பூர் மக்கள் தம் காணிகளுக்குத் திரும்புவதற்கு ஏறத்தாழப் பத்தாண்டுகள் சென்றன. 2009 மே மாதத்தில் போர் முடிந்தது. அதே ஆண்டு அக்டோபரிற் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. படகுத்துறையிற் காத்துநின்ற மக்கள் சில நிமிடங்களில் நகரை அடைந்தனர். பாலத்தின் வழியே பண்டங்களும் வந்தன. தவணைக்குக் கிடைக்கும் தொலைக்காட்சியும் மோட்டார்ச் சைக்கிளும், குத்தகைக் கடனுக்குக் கிடைக்கும் முச்சக்கரவண்டியும் வந்தன. அவற்றைத் தொடர்ந்து, கையிற் குறிப்பேட்டுடன் நுண்கடன் நிறுவனங்களின் அலுவலர் வந்தனர். வீடும் தொழிலும் இழந்த மக்களுக்குச் சந்தை மிக விரைவாக வந்தது. வேலை அவ்வளவு விரைவாக வரவில்லை. இடையிலிருந்த பள்ளத்தைக் கடன் நிரப்பிற்று.

இங்கேதான் நம் நடுத்தர வகுப்பு அறிஞர் குறுக்கிடுகின்றனர். மக்கள் ஆசையாற் கெட்டனர், வரவறிந்து செலவு செய்யத் தெரியாதவர் என்பது அவர் தீர்ப்பு. இதில் உண்மை சிறிதுமில்லை என்று நாம் வாதிடவில்லை. கலியாணத்திலும் சாமத்தியச் சடங்கிலும் அயலாரை விஞ்சவேண்டும் என்ற போட்டி நம்மிடையே உண்டு. ஆனால் உபதேசம் கடனைக் குறைக்குமா? தாய்லாந்தில் 1997ஆம் ஆண்டு நெருக்கடிக்குப் பின், போதுமென்ற மனத்தோடு வாழும் பொருளாதாரத்தை மன்னரே மக்களுக்குப் போதித்தார். அப்போதனை அரசின் திட்டங்களிலும் இடம்பெற்றது. ஆயினும் 2021ஆம் ஆண்டளவில் அந்நாட்டுக் குடும்பங்களின் கடன், நாட்டின் ஆண்டு மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு ஏறத்தாழத் தொண்ணூறாக வளர்ந்திருந்தது. ஊதியம் செலவை எட்டாத இடத்திற் சிக்கனம் பற்றிய போதனை பசித்தவனுக்கு நோன்பின் பெருமையைக் கூறுவதாகும்.

நம் கரையிலே 2022ஆம் ஆண்டு நிகழ்ந்ததை நோக்குக. அவ்வாண்டு ஆகஸ்டில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்த்தப்பட்டது. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய படகுக்கு மண்ணெண்ணெயே உயிர். செப்டெம்பரில், கொழும்பு விலைச்சுட்டியின்படி, உணவின் விலை முந்திய ஆண்டிலும் நூற்றுக்கு 94.9 வீதம் ஏறியிருந்தது. அவ்வேளையிற் கடன்பட்டுக் கடலுக்குப் போன தொழிலாளியை ஆடம்பரப் பிரியன் என்று கூற எவர்க்கு நாவெழும்?

இனி நுண்கடனின் இயல்பைக் காண்போம். வங்காளதேசத்தில் 1983இல் வங்கியாக அமைந்த கிராமீன் இதற்கு வழிகாட்டியது; 2006இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. பிணையில்லாக் கடன் என்று இதனைப் பாராட்டினர். உண்மையிற் பிணை இருந்தது. சில பெண்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து ஒருவர்க்கொருவர் பொறுப்பேற்கின்றனர். ஒருத்தி தவணை தவறினால் மற்றவர் கட்டுதல் வேண்டும். கட்டி முடியும்வரை கூட்டம் கலையாது. அலுவலர் எழுந்து போகார். பெண்ணின் மானமும் அயலாளின் நட்புமே அங்கு ஈடாக வைக்கப்பட்டன.

வட்டிக் கணக்கையும் பார்ப்போம். ஒருத்தி 50,000 ரூபாவை ஆண்டுக்கு நூற்றுக்கு 24 வட்டிக்கு வாங்குகிறாள் என்று கொள்வோம். முழுத் தொகைக்கும் ஓராண்டு வட்டி 12,000 ரூபா. மொத்தம் 62,000 ரூபாவை 52 கிழமைகளில், கிழமைக்கு ஏறத்தாழ 1,192 ரூபாவாகக் கட்டுதல் வேண்டும். முதற் கிழமையிலிருந்தே முதல் குறைந்துகொண்டு வருகின்றது. ஆண்டு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் அவள் கையிலிருந்தது சராசரி பாதித் தொகையே. ஆயினும் வட்டியோ முழுத்தொகைக்கு. உண்மை வட்டி நூற்றுக்கு நாற்பதைத் தாண்டிவிடுகிறது. 2018இல் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகள் சபையின் சுயாதீன நிபுணர் யுவான் பாப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி, நூற்றுக்கு 220 வரை வட்டி அறவிடப்பட்டதை எடுத்துரைத்தார். கடன் அறவிட வந்தோர் பெண்களுக்கு இழைத்த அவமானங்களையும் அவர் பதிவு செய்தார்.

கட்ட இயலாத பெண் கடனைத் தீர்க்காதிருத்தல் அறமா? ‘அமைப்பே கொடியது, ஆகவே கொடாதே’ என்று எளிதாகக் கூறிவிடலாம். ஆயின், அவள் கட்டாவிட்டால் இழப்பு நிறுவனத்துக்கு அன்று, அடுத்த வீட்டுக்காரிக்கு. தன் பிள்ளையின் பாற்காசை எடுத்து அவளுக்காகக் கட்டியவளுக்கு அவள் பட்ட கடன் மெய்யான கடன். அதிலே நாணயம் உண்டு. இந்த அமைப்பின் கொடுமை இதுவே. ஏழைகளிடையே இயல்பாக நிலவும் நேர்மையை அது உண்டாக்கவில்லை. உண்டாக்காத ஒன்றை எடுத்துத் தன் இலாபத்துக்குக் காவல் வைத்தது. தனியொருத்தி மறுத்தால் அக்காவல் அவள் அயலாளையே தாக்கும். எனவே தனி மறுப்பு விடையாகாது. 2021 மார்ச் 8ஆம் நாள், அயல் மாவட்டமாகிய பொலன்னறுவையின் ஹிங்குராக்கொடையிலே சிங்களப் பெண்கள் தொடங்கிய சத்தியாக்கிரகம் இதனை உணர்த்திற்று. ஐம்பது நாட்களுக்கு மேல் அவர்கள் ஒன்றாக அமர்ந்திருந்தனர். ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்கவென அமைந்த குழு அங்கு ஒருவரை ஒருவர் தாங்கும் குழுவாயிற்று.

அரசின் நடத்தையையும் இதே தராசில் நிறுத்தல் வேண்டும். 2018இல் அரசு, வறட்சியுற்ற பன்னிரு மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நிலுவைக் கடன்களை நீக்க முன்வந்தது. திருகோணமலையும் அவற்றுள் ஒன்று. அதற்கு மேற்பட்டோர்க்கு நாணயத்தைக் காக்கும் கடமை எஞ்சியது. 2022 ஏப்ரல் 12ஆம் நாள் அதே அரசு, தான் வெளிநாட்டார்க்குப் பட்ட கடனைக் கட்ட இயலாது என்று அறிவித்தது. அதன் வாசலில் எவரும் வந்து குந்தவில்லை. பேச்சுவார்த்தை நடந்தது, தவணை நீண்டது, 2024 டிசம்பரில் முறிப்பத்திரக்காரர் முதலிலேயே ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தனர். நாடு பட்டினி கிடந்து கடன் கட்டலாகாது என்ற நியாயம் உலகினர்க்கு விளங்கிற்று. அது நல்ல நியாயமே. ஆனால் 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைக்கப்பட்டபோது வங்கிகள் விலக்களிக்கப்பட்டன. சுமை தொழிலாளரின் ஊழியர் சேமலாப நிதிமேல் ஏற்றப்பட்டது. நாட்டுக்குப் பொருந்தும் நியாயம் கிண்ணியாவிலுள்ள ஒரு குடும்பத்துக்கு ஏன் பொருந்தாது? இயலாமை அரசுக்கு வந்தால் நெருக்கடி. ஏழைக்கு வந்தால் நேர்மையின்மை. இத்தகைய அறத்தை அறமென்று கொள்ள இயலாது.

கி.மு. 594இல் ஏதென்சு நகரிற் சோலோன் உழவர் கடன்களை நீக்கியபோது, மனித உடலை ஈடாக வைத்துக் கடன் கொடுப்பதையும் தடைசெய்தான். எல்லாவற்றையும் ஈடு வைக்கலாகாது, ஈடாக வாங்கவும் கூடாது என்பது அச்சட்டத்தின் உட்பொருள். வட்டியை விலக்கிய இஸ்லாமிய அறமும் கொடுப்பவனுக்கே முதற் கட்டுப்பாட்டை விதிக்கின்றது. கடன் இருவர்க்கிடையே உள்ள உறவு. ஆகவே கடமையும் இருவர்க்கும் உரியது. திருப்பிக் கொடுக்க இயலாதவளென அறிந்தே கொடுத்தவன், பெற்றவளின் நாணயத்தைப் பற்றிப் பேசும் தகுதியை இழக்கிறான். மானத்தையும் அயலுறவையும் ஈடாகக் கொள்ளும் கடன், உடலை ஈடாகக் கொண்ட கடனைப் போன்றே சட்டத்தால் விலக்கப்படுதல் வேண்டும். உண்மை வட்டியை வெளிப்படக் கூறாத கடன் செல்லாததாதல் வேண்டும். மக்களே உரிமையாளராகும் கூட்டுறவுச் சங்கங்கள் மீண்டும் வலுப்பெறுதல் வேண்டும். அச்சங்கத்துக்குப் பட்ட கடனை ஒரு காசு குறையாமற் கட்டுவது கடமை. ஏனெனில் அது நம்மைப் போன்ற ஏழையின் சேமிப்பு.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இதிலே உடனடியாகச் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. வட்டிக் கணக்கைக் கரும்பலகையில் எழுதும்போது, கற்பனை வணிகனின் கணக்கை விடுத்து, மாணவரின் வீட்டிற்கு வரும் தவணைக் குறிப்பேட்டின் கணக்கை எழுதுவோம். தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் செய்து பார்க்கட்டும். விடை மூவர்க்கும் ஒன்றாகவே வரும். கடன்பட்ட தாயைக் குற்றவாளியாகக் கருதி நாணும் பிள்ளை, அக்கணக்கை முடித்தபின் நிமிர்ந்து நிற்கும்.