முதல் வாரத்தில் மூட்டை கட்டாதே!

ஊர் விட்டு ஊர் போய்த் தோற்றுத் திரும்பியவர்களைக் கேட்டுப் பார். அந்த ஊரிடம் தோற்றவர்கள் சிலர்தான். பலரும் தோற்றது முதல் வாரத்திடம்!

மொழி புரியாது. சாப்பாடு இறங்காது. தெருவில் தெரிந்த முகம் ஒன்றுகூட இருக்காது. இரவு படுத்ததும், 'நான் இதற்கெல்லாம் லாயக்கில்லை' என்று உள்ளே ஒரு குரல் முணுமுணுக்கும். நான்காம் நாள் அது அறிவுரை போலக் கேட்கும். ஏழாம் நாள் கட்டளையாகிவிடும். அந்தக் கட்டளைக்குப் பணிந்து மூட்டை கட்டியவன், அடுத்த ஊருக்குப் போனாலும் மூட்டையை முழுதாக அவிழ்ப்பதில்லை.

அந்தக் குரலின் வாயை அடைத்த மூன்று இளைஞர்களைப் பற்றிச் சொல்கிறேன். மூவரும் மார்மன் மிஷனரிகள். அவர்களுடைய மதக் கொள்கை நமக்கு உடன்பாடா என்பது வேறு கேள்வி. அந்நிய மண்ணில் அவர்கள் எப்படி நின்றார்கள் என்பதைப் பார்!

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது மார்மன் சபையின் முழுப் பெயர். தலைமையகம் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் சிட்டியில். அந்தச் சபையின் இளைஞர்கள் இன்று 18 வயதிலேயே மிஷனரியாகப் புறப்படலாம். ஆண்களுக்கு இரண்டு ஆண்டு, பெண்களுக்கு 18 மாதம். சம்பளம் கிடையாது. செலவைப் பெரும்பாலும் தாங்களோ குடும்பமோதான் ஏற்க வேண்டும். போகும் நாட்டைச் சபைதான் முடிவு செய்யும். பிரேசில் என்றால் பிரேசில், மங்கோலியா என்றால் மங்கோலியா. சில வாரம் மொழிப் பயிற்சி. பிறகு வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர் வில்லை, முன்பின் தெரியாத ஒரு கூட்டாளி, முன்பின் தெரியாத ஒரு தெரு. கதவைத் தட்ட வேண்டும். பெரும்பாலான கதவுகள் திறக்காது. திறந்தவையும் உடனே மூடிக்கொள்ளும். மறுநாள் காலை எழுந்து அடுத்த கதவைத் தட்ட வேண்டும்.

அப்பாவின் ஒற்றை ஆலோசனை

1933. உலகமே பொருளாதார மந்தத்தில் முடங்கிக் கிடந்த காலம். கார்டன் ஹிங்க்லி அப்போதுதான் 23 வயதைத் தொட்டிருந்தார். யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படித்துப் பட்டம் பெற்றவர். மூன்றாண்டுகளுக்கு முன் தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவர் பணம் போட்டுவைத்திருந்த வங்கியும் திவாலாகிவிட்டது. மளிகை வாங்கிய மீதிச் சில்லறையைப் பிள்ளைகளின் ஊழியத்துக்கென்று அம்மா சேர்த்துவைத்திருந்தார். இறந்துபோன அந்தத் தாயின் சேமிப்புதான் மகனைக் கப்பலேற்ற உதவியது.

போய்ச் சேர்ந்த இடம் இங்கிலாந்தின் லங்காஷயரில் பிரெஸ்டன் என்னும் ஆலை நகரம். வந்த புதிதிலேயே, 'சந்தைத் திடலில் தெருக்கூட்டம் நடத்தப்போகிறோம், வா' என்று கூட்டாளி அழைத்துப்போனார். ஹிங்க்லிக்கு உடல் நடுங்கியது. போதாக்குறைக்கு அது புல் பூக்கும் பருவம். மகரந்த ஒவ்வாமையால் மூக்கும் கண்ணும் ஓயாமல் ஒழுகின. வீடுவீடாக ஏறி இறங்கினாலும் கேட்க ஆளில்லை. சோர்ந்துபோய் அப்பாவுக்குக் கடிதம் எழுதினார்: என் நேரமும் வீண், உங்கள் பணமும் வீண்.

அப்பாவின் பதில் மிகச் சிறியது. உன் கடிதம் கிடைத்தது, எனக்குத் தோன்றுவது ஒரே ஓர் ஆலோசனைதான்: உன்னை மறந்துவிட்டு வேலையில் இறங்கு!

அந்த அப்பா என்ன செய்தார், என்ன செய்யவில்லை என்று பார். 'நீ பெரிய ஆள், உன்னால் முடியும்' என்று முதுகைத் தட்டவில்லை. 'கஷ்டமாக இருந்தால் கிளம்பி வா' என்று கதவைத் திறந்துவைக்கவும் இல்லை. தன்னையே பார்த்துக்கொண்டிருந்த மகனின் கண்களை வேலையின் பக்கம் திருப்பிவிட்டார். மகன் அறைக்குப் போய் மண்டியிட்டார். இனி என்னைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கமாட்டேன் என்று உறுதி எடுத்தார். எழுந்தவர் பின்வாங்கவில்லை.

1995இல் அவர் அந்தச் சபையின் தலைவரானார். 2008இல் 97 வயதில் மறையும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். பிரெஸ்டனுக்கு அருகே சோர்லி என்ற இடத்தில் சபை கட்டிய ஆலயத்தை 1998இல் அர்ப்பணிக்க வந்தவர் யார்? இதே ஹிங்க்லிதான்! எந்த ஊரைவிட்டு ஓடிவிட நினைத்தாரோ, அந்த ஊர்ப்பக்கமே 65 ஆண்டு கழித்துத் தலைவராக வந்து நின்றார். அந்தக் கடிதத்தோடு பெட்டியைக் கட்டியிருந்தால்?

பயத்துக்கு ஒரே ஒரு தீனிதான் உண்டு: உன் மேல் நீ வைக்கும் ஓயாத கவனம். நான் எப்படித் தெரிகிறேன், என் உச்சரிப்புக்குச் சிரிப்பார்களா, என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று நான், நான், நான்! எதிரே நிற்கும் மனிதரைப் பார். அவருக்கு என்ன தேவை என்று கேள். அந்த நொடியே பயத்தின் தட்டு காலியாகிவிடும். நம்பிக்கை வரட்டும், பிறகு வேலையைத் தொடங்குகிறேன் என்று காத்திருக்காதே. நேற்று ஒன்றைச் செய்து முடித்தேன் என்ற நினைவுதான் இன்றைக்கு நம்பிக்கையாகிறது. வேலை முன்னால் போகும். நம்பிக்கை அதன் பின்னால் ஓடிவரும்!

பாதிப் பேர் கிளம்பியபோது நின்றவர்

1850 டிசம்பர். கலிஃபோர்னியாவின் தங்க வயல்களிலிருந்து பத்து மார்மன் மிஷனரிகள் ஹவாயின் ஹொனலூலுவில் வந்திறங்கினார்கள். அங்கிருந்த வெள்ளையர்களிடம் போதிக்கலாம் என்று பார்த்தார்கள். காது கொடுத்தவர்கள் மிகக் குறைவு. மண்ணின் மக்களிடம் பேசலாம் என்றால் மொழி தெரியாது. சில மாதங்களுக்குள் பாதிப் பேர் தீவுகளைவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். அவர்கள் சொன்ன காரணங்களும் நியாயமாகத்தான் இருந்திருக்கும். ஓடுவதற்கு நியாயமான காரணம் என்றைக்குக் கிடைக்காமல் போயிருக்கிறது?

அந்தப் பத்துப் பேரில் ஒருவர் ஜார்ஜ் கேனன். வயது 23. வழி அடைபட்டபோது அவர் ஊரைக் குறை சொல்லவில்லை. வழியை மாற்றினார். மாவி தீவின் லஹைனாவில் ஹவாய்ப் பெண்மணி ஒருவர் தம் குடிசையையே விட்டுக்கொடுத்து அவருக்கும் கூட்டாளிகளுக்கும் இடம் தந்தார். அந்த மக்களோடு இருந்து, அவர்கள் பேச்சைக் கேட்டுக் கேட்டே மொழியைக் கற்றார் கேனன். வைலுகு என்ற ஊரில் ஜோனத்தன் நபேலா என்ற ஹவாய் நீதிபதியின் நட்பு கிடைத்தது. நபேலாவின் துணையோடு, சபையின் வேதநூலான மார்மன் புத்தகம் முழுவதையும் ஹவாய் மொழியில் பெயர்த்தார். 1855இல் அது சான் பிரான்சிஸ்கோவில் அச்சேறியது. ஒரு வார்த்தைகூடத் தெரியாமல் வந்திறங்கியவர், ஐந்தே ஆண்டுகளில் அந்த மொழியில் ஒரு புத்தகத்தையே அச்சிட்டுக் கொடுத்துவிட்டார்!

கடிதம் எழுத அப்பாகூட இல்லாத பையன்

கேனன் நின்று பாதை போட்ட அதே மாவி தீவுக்கு, 1854இல் ஒரு பையன் வந்தான். பெயர் ஜோசஃப் எஃப். ஸ்மித். வயது பதினைந்து! ஹிங்க்லிக்குப் புலம்பல் கடிதம் எழுத ஓர் அப்பா இருந்தார். இவனுக்கு அதுவும் இல்லை. இவன் ஐந்து வயதுக் குழந்தையாக இருந்தபோதே, 1844இல் இல்லினாய் மாநிலத்தின் சிறையொன்றில் வன்முறைக் கும்பல் தந்தையைச் சுட்டுக் கொன்றது. 1852இல் தாயும் போய்விட்டார்.

மாவியின் குலா பகுதிக்கு அனுப்பப்பட்டான். மொழி தெரியாது, உறவு கிடையாது. வந்த கொஞ்ச நாளிலேயே கடும் காய்ச்சலில் விழுந்தான். மா மஹுஹி என்ற ஹவாய்த் தாய் அவனைத் தன் பிள்ளைபோல் எடுத்துப் பராமரித்தாள். படுக்கையிலிருந்து எழுந்தவன் மொழியைப் பிடித்துக்கொண்டான். ஏறக்குறைய மூன்று மாதத்தில் ஹவாய் மொழியில் பேசி ஊழியம் செய்யத் தொடங்கிவிட்டான். அந்த அநாதைப் பையன் 1901இல் சபையின் தலைவரானான். பல பத்தாண்டுகள் கழித்து அவர் ஹொனலூலு வந்தபோது, கண்பார்வை இழந்த ஒரு மூதாட்டி வாழைப்பழங்களைக் காணிக்கையாக ஏந்திக்கொண்டு, அவருடைய ஹவாய்ப் பெயரைச் சொல்லி அழைத்தபடி வந்தாள். அவள்தான் மா மஹுஹி.

உன்னை மறந்து உழை என்றால் உடம்பை மறந்து விழு என்று பொருள் கொள்ளாதே. காய்ச்சலில் கிடந்தவன் நீட்டிய கையைப் பற்றிக்கொண்டான். அதனால்தான் எழுந்தான். உதவியை ஏற்பது தோல்வியாகாது! மிஷனரிகள் வீட்டோடு தொலைபேசியில் பேச ஆண்டுக்கு ஓரிரு நாள் மட்டுமே அனுமதித்து வந்த அந்தச் சபையே, 2019 பிப்ரவரி முதல் வாரந்தோறும் பேசலாம் என்று மாற்றிக்கொண்டது. வீட்டின் குரல் ஊழியத்துக்குத் தடையில்லை, துணை என்று அவர்களே உணர்ந்துவிட்டார்கள். நீயும் வீட்டுக்குப் பேசு. மனசு தாங்காத அளவுக்குக் கனத்தால் மருத்துவரிடம் போ. ஆனால் வெறும் பயத்தை நோய் என்று சொல்லி ஏமாற்றிக்கொள்ளாதே!

இந்த வாரம் நீ செய்ய வேண்டியது

எழும் நேரத்தை முடிவு செய். மிஷனரிகள் வழக்கமாகக் காலை 6.30க்கு எழுகிறார்கள், இரவு 10.30க்குப் படுக்கிறார்கள். நேற்று எத்தனை கதவு மூடியது என்பது அந்த நேரத்தை மாற்றுவதில்லை. மனநிலை எப்படி இருந்தாலும் காலை உன் கையில் இருக்கட்டும்.

அனுபவசாலி ஒருவரைத் தேடிப் பிடி. புதிய மிஷனரியைத் தனியே விடுவதே இல்லை. முதல் 12 வாரம் அனுபவமுள்ள ஒருவர் கூடவே இருந்து பழக்குவார். உனக்கு யாரும் ஏற்பாடு செய்து தரமாட்டார்கள். வேலையிடத்திலோ விடுதியிலோ நீயே போய்க் கேள்.

அந்த ஊர் மொழியில் இன்றே பேசு. தப்பாகப் பேசு, சிரித்தால் சேர்ந்து சிரி, மறுபடி பேசு. மொழி தெரிந்த பிறகு பழகலாம் என்று உட்கார்ந்திருப்பவனுக்கு மொழியும் வராது, மனிதர்களும் வரமாட்டார்கள்.

முக்கியமானது இது: தினமும் ஒருவருக்காவது பயன்படு. சுமையோடு படியேறும் பெரியவருக்குக் கை கொடு. உன்னைவிடப் புதிதாக வந்தவனுக்கு வழி காட்டு. அந்த ஊர் உன்னை ஏற்றுக்கொள்ளுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தால் பதில் வராது. நீ அதற்குப் பயன்படத் தொடங்கிய நாளே அது உன் ஊர்!

இளைஞனே, இளம்பெண்ணே! 15 வயது அநாதையால் முடிந்தது. தாயை இழந்து, மூக்கு ஒழுக நடுத்தெருவில் நின்றவரால் முடிந்தது. ஒரு சொல்லும் அறியாமல் தீவில் இறங்கியவரால் முடிந்தது. அவர்கள் யாரும் தைரியத்தோடு போய் இறங்கவில்லை. இறங்கினார்கள், நின்றார்கள், உழைத்தார்கள். தைரியம் அங்கேதான் பிறந்தது.

உன் முதல் வாரம் உன்னைப் பற்றித் தீர்ப்பெழுத விடாதே! பெட்டியை முழுதாக அவிழ்த்துப்போடு. நாளைக் காலை முதல் ஆளாகத் தெருவில் இறங்கு. அங்கே உன் கைக்காகக் காத்திருக்கும் வேலை ஒன்று நிச்சயம் இருக்கிறது. போய் அதைத் தொடங்கு!