தலையெழுத்தும் தலைக்கவசமும்

புதிய மோட்டார் சைக்கிள் ஒன்று கடை வாயிலில் நிற்கிறது. பளபளக்கும் வண்டி, பக்கத்திலே பெருமிதத்தோடு ஓர் இளைஞன், சுற்றிலும் உற்றார், பெற்றார். சந்தனம் பூசப்படுகிறது. மாலை சூட்டப்படுகிறது. கற்பூரம் காட்டப்படுகிறது. முன் சக்கரத்தின் அடியிலே எலுமிச்சம்பழம் வைக்கப்படுகிறது. வண்டி நகர்கிறது, பழம் நசுங்குகிறது. கைப்பிடியிலே கறுப்புக் கயிறும் கட்டியாயிற்று. இனி அச்சமில்லை, ஆபத்து அணுகாது என்று அனைவரும் அகமகிழ்கின்றனர்.

நாம் சிரிக்கிறோம். “எதிரே வரும் லாரியை எலுமிச்சம்பழம் நிறுத்துமா?” என்று கேட்கிறோம். நல்ல கேள்வி, கேட்கவேண்டிய கேள்வி. கேட்டுவிட்டு நம் வண்டியைக் கிளப்புகிறோம். நம்முடைய தலைக்கவசம் எங்கே இருக்கிறது? முழங்கையிலே தொங்குகிறது!

இப்போது சிரிப்புக்கு உரியவர் யார்? பழம் வைத்தவரா, பழத்தைப் பார்த்துச் சிரித்த நாமா?

இந்த வினாவை நாமாக எழுப்பிக்கொள்ளவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். நம்மிடம் எட்டாம் வகுப்பில் பயிலும் மாணவன் ஒருவன் எழுப்பினான். நாம் பள்ளிக்குச் செல்லும் வழியிலே கடைத்தெருத் திருப்பம் ஒன்று உண்டு. அங்கே போக்குவரத்துக் காவலர் நிற்பார். திருப்பத்துக்கு முன்பு நம் தலைக்கவசம் தலைக்கு ஏறும். திருப்பம் தாண்டியதும் கைக்கு இறங்கும். நாள்தோறும் நடக்கும் இந்த நாடகத்தை, அவ்வழியே நடந்து வரும் அந்தச் சிறுவன் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறான். நமக்குத் தெரியாது.

ஒரு நாள் வகுப்பிலே நாம் முழங்கினோம். “எதையும் ஏன் என்று கேளுங்கள். அச்சத்தினால் செய்யாதீர்கள், அறிந்து செய்யுங்கள்” என்றோம். அவன் எழுந்தான். “ஐயா, நீங்கள் தலைக்கவசம் போடுவது தலைக்காகவா, காவலருக்காகவா?” என்றான். வகுப்பே சிரித்தது. நாம் என்ன விடை அளித்தோம்? “உட்கார்” என்றோம்! கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்த நாமே, கேட்டவனை உட்கார வைத்தோம். அன்று இரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

ஏன் அணியவில்லை என்று நம்மை நாமே குடைந்து பார்த்தோம். “பக்கத்துத் தெரு வரைதானே” என்று ஒரு குரல் கேட்டது. “இத்தனை ஆண்டுகளாக ஓட்டுகிறோம், ஒரு கீறல் உண்டா?” என்றது மற்றொரு குரல். “நமக்கு ஒன்றும் நேராது” என்றது எல்லாவற்றுக்கும் அடியிலே கிடந்த குரல். நேராது என்பதற்குச் சான்று என்ன? நேற்று வரை நேரவில்லை என்பது மட்டுமே. நேற்று வரை நேராதது நாளையும் நேராது என்று உறுதி கூற, நமக்கு எந்தச் சோதிடன் குறித்துக் கொடுத்தான்?

எண்ணிப் பார்த்தால், எலுமிச்சம்பழம் வைத்தவர் நம்மைவிட ஒரு படி மேல். சாலையிலே ஆபத்து உண்டு என்பதையாவது அவர் ஒப்புக்கொண்டார். நோய் அறிந்தார், மருந்துதான் தவறு. நாமோ நோயே இல்லை என்றோம். அந்த மறுப்புக்குத் துணிவு என்று பெயரும் சூட்டினோம். விழுந்த பின்னர் ஊர் என்ன சொல்லும்? “தலையெழுத்து” என்று சொல்லும். “ஒன்றும் நேராது” என்பதும், “நேர்வது நேர்ந்தே தீரும்” என்பதும் எதிரெதிரான இரண்டு கொள்கைகள் அல்ல. ஒரே மடமையின் இரண்டு முகங்கள். இரண்டிலும் மனிதன் செய்யத்தக்கது ஒன்றுமில்லை.

விதி என்று சொல்லி நின்றுவிடுவதற்கும், ஏன் என்று கேட்டு மேலே நடப்பதற்கும் உள்ள வேறுபாட்டை வரலாறு ஒன்று நமக்குக் காட்டுகிறது. முதல் உலகப் போரின்போது அரபு மக்களின் கிளர்ச்சியிலே பங்கு கொண்டு, ‘அரேபியாவின் லாரன்ஸ்’ என்று உலகப் புகழ் பெற்றவர் டி. ஈ. லாரன்ஸ். போர்க்களங்களிலே பிழைத்தவர். 1935 மே 13 அன்று இங்கிலாந்தின் டார்செட் பகுதியிலே, தம் வீட்டுக்கு அருகில், மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். சாலையிலே மிதிவண்டிகளில் இரண்டு சிறுவர்கள். அவர்கள் மீது மோதாமல் ஒதுங்க முயன்றார், தூக்கி எறியப்பட்டார். தலையிலே கவசம் இல்லை. ஆறு நாட்கள் நினைவின்றிக் கிடந்து, மே 19 அன்று மறைந்தார். வயது 46.

அவரைப் பார்த்த மருத்துவர்களுள் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ். ஆஸ்திரேலியாவிலே பிறந்து இங்கிலாந்திலே பணியாற்றிய மூளை அறுவை மருத்துவர். “காலம் முடிந்தது” என்று கையைக் கழுவிக்கொண்டு அவர் போயிருக்கலாம். போகவில்லை. மோட்டார் சைக்கிள் ஓட்டிகள் எதனால் சாகிறார்கள் என்று ஆராய்ந்தார். இரண்டாம் உலகப் போரின் முதல் 21 மாதங்களில் மட்டும் பிரிட்டனின் சாலைகளில் மோட்டார் சைக்கிளில் சென்றோரும் பின்னால் அமர்ந்து சென்றோருமாக 2,279 பேர் மாண்டதை 1941இல் எடுத்துக் காட்டினார். தலைக்காயமே பெரும்பாலோரைக் கொன்றது என்றார். கவசம் அணிந்து வீழ்ந்தவர்களின் காயம் கடுமையாக இல்லை என்பதையும் எழுதினார். அதே ஆண்டு நவம்பரில், பிரிட்டிஷ் இராணுவம் பணியிலே மோட்டார் சைக்கிள் ஓட்டும் வீரர்களுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. சாவுகள் குறைந்ததை 1946இல் அவரே கணக்கிட்டு வெளியிட்டார். 1952இல் கெய்ர்ன்ஸ் மறைந்தார். பிரிட்டனில் ஓட்டுபவர் அனைவருக்கும் தலைக்கவசம் சட்டமானது 1973இல். ஒரு சாவைக் கண்டு ஒருவர் எழுப்பிய ‘ஏன்’ என்னும் வினா, அவர் மறைந்த பின்னரும் மக்களைக் காத்து நிற்கிறது.

தலைக்கவசத்திலே மந்திரம் ஏதும் இல்லை. மூளை மென்மையானது, மண்டையோட்டுக்குள் இருப்பது. வேகமாகச் செல்லும் தலை தரையிலே மோதிச் சட்டென நிற்கிறபோது, உள்ளே இருக்கும் மூளை நிற்காமல் ஓட்டின் சுவரிலே போய் மோதுகிறது. கவசத்தின் வெளி ஓடு, அடியை ஓரிடத்திலே குவியவிடாமல் பரப்புகிறது. உள்ளே இருக்கும் தெர்மாகோல் போன்ற அடுக்கு நசுங்குகிறது. நசுங்குவதனால் தலை நிற்பதற்குச் சில நொடித்துளிகள் கூடுதலாகக் கிடைக்கின்றன. அந்த நொடித்துளிகளிலேதான் உயிர் இருக்கிறது. அதனால்தான் ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தை மறுபடியும் நம்பக்கூடாது என்கிறார்கள். அதன் அடுக்கு நசுங்கி முடிந்துவிட்டது. எலுமிச்சம்பழமும் நசுங்குகிறது, இதுவும் நசுங்குகிறது. எது நசுங்கினால் எதற்குப் பயன் என்று கேட்பதுதான் பகுத்தறிவு.

“கவசம் அணிந்தவனும் சாகிறானே!” என்பார் உண்டு. ஆம், சாகிறான். மறைக்கமாட்டோம். தாயத்துக்கும் கவசத்துக்கும் உள்ள வேறுபாடே அங்கேதான் இருக்கிறது. தாயத்து எல்லாவற்றிலிருந்தும் காப்பதாக வாக்களிக்கும். சோதனைக்கு மட்டும் வராது. கவசம் ஓரளவே காப்பதாகச் சொல்லும். சோதித்துப் பார் என்று முன்வந்து நிற்கும். சோதித்தும் பார்த்தார்கள். 61 ஆய்வுகளைத் தொகுத்து கோக்ரேன் என்னும் மருத்துவ ஆய்வு அமைப்பு 2008இல் வெளியிட்ட முடிவு, தலைக்கவசம் சாவின் வாய்ப்பை 42 விழுக்காடும், தலைக்காயத்தின் வாய்ப்பை 69 விழுக்காடும் குறைக்கிறது என்று கூறுகிறது. நூற்றுக்கு நூறு அன்று. அளந்து சொன்ன உண்மைக்கு, அளவின்றிச் சொன்ன பொய்யைவிட மதிப்பு அதிகம் அல்லவா?

இன்னொன்றும் சொல்லவேண்டும். சாலையோரத்திலே மலிவு விலையில் தரமற்ற கவசம் வாங்கி, வார்ப்பட்டையை மாட்டாமல் தலைமீது கவிழ்த்துச் செல்வோரைக் காண்கிறோம். விழும்போது தலைக்கு முன்பே கவசம் கழன்று ஓடும். அது தலைக்கவசம் அன்று. காவலர் கண்ணேறு படாமல் இருக்கக் கட்டிய தாயத்து! கையிலே தொங்கவிட்ட நம்முடையதும் அந்த வகையே.

“என் தலை, என் விருப்பம், அரசு ஏன் குறுக்கிடவேண்டும்?” என்று கேட்கும் நண்பர்களும் உண்டு. இந்தக் கேள்வியை எள்ளி ஒதுக்க நாம் விரும்பவில்லை. உரிமையை நேசிப்பவன் கேட்கவேண்டிய கேள்விதான் இது. 1859இல் ஜான் ஸ்டூவர்ட் மில் ‘ஆன் லிபர்ட்டி’ என்னும் நூலில் இதைத்தான் ஆராய்ந்தார். பிறருக்குத் தீங்கு வராமல் தடுக்கவே ஒருவனைக் கட்டாயப்படுத்தலாம்; அவன் நன்மைக்கென்று சொல்லிக் கட்டாயப்படுத்தலாகாது என்பது அவர் கொள்கை. ஆனால் அவரே ஒரு பாலத்தைக் காட்டுகிறார். பாலம் பழுதானது, அதை அறியாமல் ஒருவன் ஏறப் போகிறான், எச்சரிக்க நேரமில்லை. அவனைப் பிடித்து இழுத்தால் உரிமையைப் பறித்ததாகாது. ஏனெனில் ஆற்றிலே விழ அவன் விரும்பவில்லை என்கிறார். ஆபத்து இன்னதென அறிந்தவனாயின் எச்சரித்து விட்டுவிடலாம் என்பதும் மில்லின் கருத்தே.

நாம் கேட்பது இதுதான்: “நமக்கு நேராது” என்பவன், அறிந்தவனா? பாலம் பழுது என்று கேள்விப்பட்டும், தன் காலடியில் மட்டும் அது உறுதியாக இருக்கும் என்று எண்ணுபவனை, அறிந்து துணிந்தவன் என்று எப்படிச் சொல்வது?

அதற்கும் மேலாக, ஒரு தலை ஒருவனுடையது மட்டும்தானா? 1972இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத் தலைக்கவசச் சட்டத்தை எதிர்த்து ஒருவர் வழக்காடினார். நீதிமன்றம் அவர் வாதத்தை ஏற்கவில்லை. வீழ்ந்தவனைச் சாலையிலிருந்து தூக்குவது சமுதாயம். மருத்துவமனைக்குக் கொண்டு செல்வது சமுதாயம். அவன் முடங்கிவிட்டால் அவனையும் அவன் குடும்பத்தையும் தாங்குவதும் சமுதாயம். ஆகவே விளைவு அவனோடு நிற்பதில்லை என்பது தீர்ப்பின் சாரம். உச்சநீதிமன்றமும் அதே ஆண்டில் அதை உறுதிசெய்தது. நீதிமன்றம் வரை போவானேன்? நம் அம்மாவைக் கேட்போம். “இந்தத் தலை என்னுடையது மட்டும்தான்” என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல நம்மில் எவருக்கு நா எழும்?

இந்திய நாட்டிலே 2022ஆம் ஆண்டில், தலைக்கவசம் அணியாமல் சென்று சாலை விபத்தில் மாண்டவர் 50,029 பேர் என்கிறது நடுவண் அரசின் அறிக்கை. கவசம் இருந்திருந்தால் அனைவரும் பிழைத்திருப்பர் என்று கூறமாட்டோம். பல்லாயிரவர் பிழைத்திருப்பர் என்று கூறுவோம். அந்த எண்ணுக்குள்ளே இன்னோர் எண் இருக்கிறது. மாண்டவர்களில் 14,337 பேர் ஓட்டியவர்கள் அல்லர். பின்னால் அமர்ந்து சென்றவர்கள்.

சற்றே தெருவைப் பாருங்கள். கணவன் தலையிலே கவசம். பின்னால் அமர்ந்த மனைவியின் தலையிலே பூ. முன்னால் பெட்ரோல் தொட்டியின் மீது, காற்றிலே முடி பறக்கக் குழந்தை. வண்டி ஒன்று, வேகம் ஒன்று, விழப்போகும் தரையும் ஒன்று. காக்கப்படும் தலை மட்டும் ஆணின் தலையா? 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு, 2019இல் திருத்தப்பட்டபடி, நான்கு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் கவசம் வேண்டும் என்கிறது. சட்டம் ஆண், பெண் என்று தலையைப் பிரிக்கவில்லை. வீடு பிரிக்கிறது! பெண்ணுக்குச் சமஉரிமை என்று மேடையிலே பேசுகிறோம். அந்த உரிமை பின் இருக்கை வரைக்கும் வரவேண்டாமா?

வெயிலில் வியர்க்கிறது என்பது உண்மை. கழுத்து கனக்கிறது என்பதும் உண்மை. நல்ல கவசம் வாங்கச் செலவாகும் என்பது, கூலிக்கு உழைப்பவருக்குப் பேருண்மை. ஆயினும் வண்டிக்குப் பூமாலையும் கறுப்புக் கயிறும் வாங்கும் கை, அந்தப் பணத்தோடு சேர்த்து இரண்டாவது கவசம் ஒன்று வாங்க முயலவேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

அடுத்த நாள் நாம் வகுப்புக்குச் சென்றோம். அந்த மாணவனை எழுப்பி, “நேற்று நீ கேட்டதற்கு விடை: இதுவரை காவலருக்காக, இன்று முதல் தலைக்காக. உன்னை உட்காரச் சொன்னது தவறு” என்றோம். வகுப்பு இம்முறை சிரிக்கவில்லை. அவன் சற்று நேரம் நின்றான். பிறகு மெல்லக் கேட்டான்: “ஐயா, எங்கள் அப்பாவிடம் இதை யார் சொல்வது?”

“நீ கேள்” என்றோம். “எங்களிடம் கேட்டாயே, அதே கேள்வியை அவரிடமும் கேள். தயக்கமாக இருந்தால் நாமும் உடன் வருகிறோம்.”

மாலையிலே அவன் வீட்டுக்குச் சென்றோம். நம் தலைக்கவசம், வார்ப்பட்டை மாட்டியபடி, தலையிலே இருந்தது. திருப்பத்திலே அன்று காவலர் இல்லை.

தோழர்களே! தலையில் எழுதியிருப்பதை எவரும் படித்ததில்லை. தலையில் அணிந்திருப்பதை எந்தச் சிறுவனும் படித்துவிடுவான்.