ஈகையின் மறுபாதி

பிரித்தானியாவின் பனிக்காலத்தில் இரை அரிது. வெற்றுப் போத்தலில் துளையிட்டு, சூரியகாந்தி விதை நிரப்பி, வீட்டுத் தோட்டத்து மரத்தில் தொங்கவிடுகின்றனர். பறவைகள் கூடுகின்றன, கொடுத்தவர் மனம் நிறைகிறது.

ஆனால், 2005இல் அங்கு 'கிறீன்பிஞ்ச்' எனும் சிறு பறவையிடையே தொண்டையை அடைக்கும் டிரைக்கோமோனோசிஸ் நோய் தலைகாட்டியது. எச்சில்பட்ட இரையும் நீரும் அதைப் பரப்பின. கழுவாத தீனிக்கலங்கள் துணைபோயின. 2021இல் அப்பறவை அந்நாட்டின் சிவப்புப் பட்டியலில் சேர்ந்தது.

அப்படியாயின் உணவிடுவது பிழையா? இல்லை. ஆனால், பறவைகளை ஓரிடத்தில் கூட்டியவரே அக்கூட்டத்தால் விளையும் தீங்கிற்கும் பொறுப்பாளி. வாரந்தோறும் கலத்தைக் கழுவி உலர்த்துவதும் ஈகைதான். நோயுற்ற பறவையைக் கண்டால் கலத்தை இறக்கிவிட வேண்டும். அப்போது இழப்பது நம் மகிழ்ச்சியை மட்டுமே. அதை இழக்க மனம் ஒப்பாவிட்டால், இதுவரை யாருக்காகக் கொடுத்தோம்?