மறுமுனையில் நிற்பவர்

2002 ஜனவரி. கண்டி அஸ்கிரிய மைதானம். முத்தையா முரளிதரனின் சொந்த ஊர். ஜிம்பாப்வே அணியின் முதல் ஒன்பது விக்கெட்டுகளையும் அவரே எடுத்துவிட்டார். பத்தாவதையும் எடுத்தால், டெஸ்ட் ஆட்டத்தில் ஓர் இன்னிங்ஸின் அத்தனை விக்கெட்டையும் வீழ்த்திய மூன்றாமவர் ஆவார். அதுவரை ஜிம் லேக்கரும் அனில் கும்ப்ளேயும் மட்டுமே அதைச் செய்திருந்தார்கள். முரளியின் பந்தில் வந்த ஒரு கேட்சை ரசல் ஆர்னல்ட் நழுவவிட்டார். பிறகு மறுமுனையிலிருந்து சமிந்த வாஸ் வீசிய பந்தில் ஒலாங்கா, விக்கெட் கீப்பர் சங்கக்காரவிடம் பிடிபட்டார். முரளியின் கணக்கு 51 ஓட்டங்களுக்கு ஒன்பது விக்கெட்டோடு நின்றது.

வாஸ் என்ன செய்திருக்க வேண்டும்? இத்தனை ஆண்டுகளாகியும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. சேர்ந்து ஆடுகிறவனுக்காக ஓர் ஓவரை ஸ்டம்புக்கு வெளியே வீசிவிட்டுப் போயிருக்கலாமே என்று சொல்வார்கள். அன்பினால் வரும் பேச்சுதான். ஆனாலும் எனக்கு அதில் உடன்பாடில்லை. எதிரே மட்டையோடு நிற்பவரும் தன் நாட்டுக்காக வந்தவர். அவருக்கு நேர்மையான பந்து கிடைக்க வேண்டும். முரளிக்கும் அதுதான் மரியாதை. மற்றவர்கள் ஒதுங்கி நின்று கொடுத்த பத்தாவது விக்கெட், எடுத்த ஒன்பதின் மதிப்பையும் குறைத்திருக்கும்.

அநியாயம் நடக்கும்போது தோள் கொடுப்பது வேறு. 1999இல் அடிலெய்டில் முரளி பந்தை எறிகிறார் என்று சொல்லி நடுவர் அதை நோபால் என்று அறிவித்தார். அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க மொத்த அணியையும் எல்லைக்கோடுவரை அழைத்துச் சென்றுவிட்டார். அன்று அப்படி நின்றதுதான் சரி. ஒருவனின் பிழைப்பே கேள்விக்குள்ளாகும்போது கூட நிற்க வேண்டும். அவனுடைய சாதனைக்காக நம் வேலையில் குறை வைக்கக் கூடாது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த அணிதான் அணி.

மலேசியாவில் லிங்கி வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த எங்களுக்கு விளையாட்டு என்றால் காற்பந்துதான். கிரிக்கெட் நகரத்துக் கிளப் திடல்களில் இருந்தது. முரளியை நாங்கள் சொந்தம் கொண்டாடியதற்குக் காரணம் வேறு. அவருடைய தாத்தா தமிழ்நாட்டிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவர். எங்கள் பாட்டன்மார் மலாயாவுக்குப் பால்மரம் வெட்ட வந்தவர்கள். கப்பல் வேறானாலும் இரண்டு பயணமும் ஒன்றுதான்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தபின் தோட்டத்தில் வேலை இரட்டையாக நடந்தது. ஒருவர் குலையை வெட்டித் தள்ளுவார்; கூட வருபவர் சிதறிய உதிரிப் பழத்தைப் பொறுக்குவார். பல வீடுகளில் அது கணவனும் மனைவியும். கணக்கு ஏட்டில் வெட்டியவரின் பெயர் மட்டும் இருக்கும். பொறுக்கியவரின் முதுகுவலிக்கு அங்கே இடமில்லை. விளையாட்டைப் பார்க்கும்போது என் கண் இன்றும் பெயர் ஏறாதவரைத்தான் தேடுகிறது.

அப்படித் தேடியதில் கிடைத்தவர் லால் சிங். கோலாலம்பூரில் 1909இல் பிறந்தவர். 1932 ஜூனில் லார்ட்ஸில் இந்தியா தன் முதல் டெஸ்டை ஆடியபோது களத்தில் இருந்த மலாயாக்காரர். தொடக்கத்திலேயே முகமது நிசார் இரண்டு பேரைப் போல்டாக்கிய கதையை எல்லாரும் சொல்வார்கள். மூன்றாவதாக ஃபிராங்க் வூலி ரன் அவுட் ஆனார். அவரை வெளியேற்றியவர் லால் சிங். ஆட்டக் குறிப்பேட்டில் ‘ரன் அவுட்’ என்று மட்டும்தான் எழுதியிருக்கும். ஓடியவர், எறிந்தவர் யாரென்று அதில் தெரியாது. இங்கிலாந்து அப்போது 19 ஓட்டங்களுக்கு மூன்று விக்கெட்.

2010 ஜூலையில் காலியில் நடந்ததை மறக்கவே முடியாது. இந்தியாவுக்கு எதிரான அந்த ஆட்டத்தோடு டெஸ்டிலிருந்து ஓய்வு என்று முரளி முன்கூட்டியே அறிவித்துவிட்டார். கையில் 792 விக்கெட். 800க்கு இன்னும் எட்டு வேண்டும். முதல் இன்னிங்ஸில் ஐந்து கிடைத்தது. இரண்டாவதில் மறுமுனையிலிருந்த லசித் மாலிங்க வேகத்தைக் குறைக்கவில்லை; அவரும் ஐந்து விக்கெட் எடுத்தார். லக்ஷ்மண் ரன் அவுட் ஆனார். களத்தில் நின்றவர்கள் அந்த வாய்ப்பையும் விட்டுவைக்கவில்லை. மிஞ்சியது ஒரே ஒரு விக்கெட், முரளிக்கு வேண்டியதும் அந்த ஒன்றுதான். அதையும் வேறு யாராவது எடுத்திருந்தால் 799இல் நின்றிருப்பார். அதற்கும் அந்த மனிதர் தயாராகத்தான் இருந்தார். பிரக்யான் ஓஜா மட்டையில் பட்ட பந்து ஸ்லிப்பில் மகேல ஜயவர்தனவிடம் போனது. டெஸ்டில் முரளியின் பந்தில் மகேல பிடித்த கேட்சுகள் மொத்தம் 77.

800 என்ற எண்ணை நம் பிள்ளைகள் சட்டென்று சொல்வார்கள், இந்த 77ஐத் தெரிந்தவர் குறைவு. நம் வட்டாரத்தில் காற்பந்தோ கிரிக்கெட்டோ போட்டி நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அதிக கோல் அடித்தவனுக்கும் அதிக விக்கெட் எடுத்தவனுக்கும் கோப்பை கொடுக்கும் மேடையில், பந்தைத் தடுத்தவனுக்கும் எறிந்தவனுக்கும் ஒரு கோப்பை வையுங்கள். அவன் பெயரையும் ஒலிபெருக்கியில் முழுதாகச் சொல்லுங்கள்.