தோல்வியை ஒப்புக்கொள்ளும் வேளை

சதுரங்கத்தில் ஒருவர் தோற்பதற்குப் பொதுவாக மூன்று வழிகள் உள. அரசன் இறுதி முற்றுகைக்கு ஆளாதல் ஒன்று. கடிகாரத்தில் உரிய நேரம் தீர்ந்துபோதல் மற்றொன்று. இனி ஆடிப் பயனில்லை எனத் தாமே தோல்வியை ஒப்புக்கொள்ளுதல் மூன்றாவது. முதலிரண்டும் நம்மேல் வந்து சேர்வன. மூன்றாவதோ நாமே தேர்ந்து செய்வது. அவ்வாறு ஒருவர் ஒப்புக்கொண்ட அக்கணமே ஆட்டம் முடிவுறும் என்பது உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் விதி. பின்னர் எத்துணை வருந்தினும் அச்சொல்லை மீட்க இயலாது. மீட்க இயலாத ஒன்றை எப்போது செய்யலாம் என்பது ஆட்ட நுணுக்கம் பற்றிய வினா மட்டுமன்று. அறம் பற்றிய வினாவுமாகும்.

இவ்வினாவிற்கு இருவகை விடைகள் கூறப்படுகின்றன. "இறுதிவரை ஆடு, ஒப்புக்கொண்டு வென்றவர் எவருமிலர்" என்பர் சிறார்க்குக் கற்பிப்போர். வல்லுநர் அவையிலோ, மீள வழியில்லாத நிலையை நீட்டித்துக்கொண்டிருப்பது எதிரே அமர்ந்திருப்பவரை மதியாமை எனக் கருதப்படும். இவை தம்முள் முரண்பட்டவைபோல் தோன்றும். நடந்த ஆட்டங்கள் சிலவற்றை நோக்கின் உண்மை விளங்கும்.

1902ஆம் ஆண்டு மான்டே கார்லோ நகரில் நடந்த போட்டியில் போப்பியல் என்பவரும் மார்கோ என்பவரும் ஆடினர். மார்கோவின் மந்திரி அசைய இயலாதவாறு கட்டுண்டு கிடந்தது. அதனைக் காக்க வழியில்லை எனக் கண்ட அவர் தோல்வியை ஒப்புக்கொண்டார். உண்மையில் அம்மந்திரியை எதிரியின் அரசனுக்கு அருகிலிருந்த கட்டத்தில் வைத்திருப்பின், ஒரே நகர்த்தலில் இறுதி முற்றுகை அச்சமும் அரசியை இழக்கும் அச்சமும் எதிரிக்கு நேர்ந்திருக்கும். வெல்லக்கூடிய நிலையிலிருந்தே அவர் தோற்று எழுந்தார்.

1997 மே 4 அன்று நியூயார்க்கில், டீப் புளூ என்னும் கணிப்பொறிக்கு எதிரான இரண்டாம் ஆட்டத்தில் காஸ்பரோவ் தோல்வியை ஒப்புக்கொண்டார். தொடர் முற்றுகையால் சமன் செய்ய அந்நிலையில் வழியிருந்தது என்பது அடுத்த நாள் அவருக்குத் தெரியவந்தது. எதிரியின் வலிமையைக் குறித்து மனம் கொண்ட மதிப்பே பலகையில் இருந்த வழியை மறைத்தது எனலாம். அப்போட்டியை அவர் இரண்டரைக்கு மூன்றரை என்னும் புள்ளிக் கணக்கில் இழந்தார்.

இதற்கு மறுதலையாக, 1963-64ஆம் ஆண்டின் அமெரிக்கத் தேசியப் போட்டியில் ரெஷெவ்ஸ்கிக்கு எதிராகத் தோற்கும் நிலையிலிருந்த இவான்ஸ் ஒப்புக்கொள்ளாமல் ஆடினார். முற்றுகையில்லாத அரசனுக்கும் எஞ்சிய காய்களுக்கும் நகர இடமில்லாதுபோயின் ஆட்டம் சமன் என்னும் விதியை அவர் நினைவிற்கொண்டார். தம் அரசியைப் பலியிட்டு, யானையையும் பலியாக நீட்டி, சமன் செய்தார்.

எனில், எக்காலும் ஒப்புக்கொள்ளலாகாது என்று முடிவு கட்டலாமோ எனின், ஆகாது. 1972இல் ரெய்க்யவிக்கில் உலகப் பட்டத்திற்கான 21ஆம் ஆட்டம் இடையில் ஒத்திவைக்கப்பட்டது. மறுநாள் செப்டம்பர் 1 அன்று ஸ்பாஸ்கி தொலைபேசி வாயிலாக நடுவரிடம் தம் தோல்வியைத் தெரிவித்தார். ஆராய ஓர் இரவு கிடைத்திருந்தது. அதன்பின் ஆடிக் காட்ட வேண்டுவது எதுவுமில்லை. 2013 நவம்பர் 21 அன்று சென்னையில் கார்ல்சனுக்கு எதிரான ஒன்பதாம் ஆட்டத்தில், நம் ஆனந்த் குதிரையைத் தவறாக நகர்த்தினார். கார்ல்சன் தம் அரசியை நகர்த்திய அளவிலேயே ஆனந்த் தோல்வியை ஏற்றார். அங்கு ஓர் இரவு வேண்டியிருக்கவில்லை. இருவரும் ஒருங்கே உண்மையை உணர்ந்திருந்தனர்.

ஆகவே ஒப்புக்கொள்வதா தொடர்வதா என்பதனைக் காய்களின் எண்ணிக்கை முடிவு செய்வதில்லை. இருவரிடத்தும் உள்ள அறிவே முடிவு செய்யும். ஒரு யானை குறைந்த நிலையில் இரு வல்லுநர் கைகுலுக்கி எழுவது முறை. அதே நிலையில் புதிதாகக் கற்கும் இரு சிறுவர் தொடர்ந்து ஆடுவதும் முறையே. ஏனெனில் வெல்லும் வழி அச்சிறுவர்க்கு இன்னும் தெரியாது. ஆடியே இருவரும் அதனைக் கற்க வேண்டும்.

இங்கு நம் உள்ளத்தையும் நாம் ஆராய வேண்டும். சினம், செருக்கு, மாயம், பேராசை என்னும் நான்கும் இப்பலகையிலும் உலவுகின்றன. தன் தவறான நகர்த்தலுக்காகத் தன்மேலேயே வெகுண்டு, நிலையை ஆராயாது எழுந்துபோவது சினம். முற்றுகையுறும் காட்சியைப் பிறர் காணலாகாதென விரைந்து ஒப்புக்கொள்வதும், இளையவரிடம் தோற்றதாகச் சொல்ல நாணி நீட்டிப்பதும் செருக்கே. நகர்த்த வேறு வழியில்லாதபோதும் நெடிது சிந்திப்பவர்போல் அமர்ந்து எதிரியைச் சலிப்புறச் செய்வது மாயம். திட்டம் ஏதுமின்றி, எதிரி தவறட்டும் எனக் காத்திருந்து அரைப்புள்ளிக்கு ஏங்குவது பேராசை. இந்நான்கில் ஒன்று முடிவெடுக்குமாயின், முடிவு சரியாக அமைந்தாலும் அது அறிவின் முடிவன்று.

"இவான்ஸும் எதிரியின் தவற்றைத்தானே எதிர்பார்த்தார்?" என ஒருவர் வினவலாம். வேறுபாடு உண்டு. அவர் வாளா காத்திருக்கவில்லை. எதிரி விடை காண வேண்டியதொரு வினாவைப் பலகைமேல் வெளிப்படையாக வைத்தார். அதற்கு விடை காணும் பொறுப்பு எதிரியுடையது. அத்தகைய வினா ஒன்றேனும் நம்மிடம் எஞ்சியிருக்கும்வரை ஆடுவது நேர்மையே. கடிகாரமும் ஆட்டத்தின் ஓர் உறுப்பே ஆதலின், குறைந்த நேரத்தில் விடை காணுமாறு எதிரியைக் கேட்பதும் தகும். குழுப் போட்டியாயின் பொறுப்பு இன்னும் மிகுதி. அங்கு நாம் விட்டுக்கொடுக்கும் அரைப்புள்ளி நமக்கு மட்டும் உரியதன்று.

இதனை அளந்தறிய எளியதொரு வழி உண்டு. ஒப்புக்கொள்ளும் முன் மனத்தளவில் பலகையைத் திருப்பி, வெல்பவரின் பக்கத்தில் அமர்ந்து பார்க்க வேண்டும். அங்கிருந்து நோக்கும்போது எவ்வகை ஐயமேனும் அச்சமேனும் எழுகின்றதா? எழுமாயின் ஆட்டம் இன்னும் முடியவில்லை. எழாதாயின், எதிரியின் திறமையை ஏற்று மதிப்புடன் கையை நீட்டலாம். மார்கோ எதிர்ப்பக்கத்திலிருந்து நோக்கியிருப்பின், அவ்வரசனுக்கு அருகில் காத்திருந்த ஆபத்து அவர் கண்ணில் பட்டிருத்தல் கூடும். பிறர் நிலையில் நின்று காண்பது பிறர்க்கு மட்டுமன்றி நமக்கும் நன்மை பயப்பது.

ஆட்டம் முடிந்தபின் வென்றவரும் தோற்றவரும் அதே பலகையில் காய்களை மீண்டும் அடுக்கி, எங்கே வழி பிழைத்தது எனச் சேர்ந்து ஆராய்வது சதுரங்க வல்லுநரின் நல்வழக்கம். சினத்தோடு எழுந்தவர்க்கு அப்பயன் கிட்டாது. தெளிந்து ஒப்புக்கொண்டவரே அமர்ந்து கற்பார்.

இன்று நம் இல்லங்களில் பிள்ளைகள் பலர் சதுரங்கம் பயில்கின்றனர். போட்டியில் தோற்று வரும் பிள்ளையிடம் "ஏன் விட்டுக்கொடுத்தாய்?" என்று கடிந்து கேட்பின், அடுத்த முறை செருக்கினால் நீட்டிக்கவோ அச்சத்தால் மறைக்கவோ அது கற்றுக்கொள்ளும். "ஒப்புக்கொள்ளும் முன் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தாயா? என்ன கண்டாய்?" என்று கேட்போமாக. அவ்வினாவிற்கு நேர்மையாக விடை கூறத் தெரிந்த பிள்ளை, தோல்வியிலும் கற்றே திரும்பும்.