இதுக்காகவா வேலையை விடுவாங்க?

பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் நண்பர், வேலையை விடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். வேலை நேரம் காலை ஒன்பதரை முதல் மாலை ஆறரை வரை, நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாட்டுக்கு. ஆனால் எட்டரைக்கு முன் நாற்காலியை விட்டு எழ முடிவதில்லை. “ரிலீஸ் சமயத்துல லேட்டானா பரவால்ல சார். இப்ப எல்லா நாளும் ரிலீஸ்தான். ஆனா வீட்ல, ‘இதுக்காகவா வேலையை விடுவாங்க’ன்னு கேக்கறாங்க” என்றார்.

அந்தக் கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. சம்பளம் ஒழுங்காக வருகிறது. மேலதிகாரி கெட்ட வார்த்தை பேசுவதில்லை. இரண்டு மணி நேரம்தானே?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாளுக்கு 2 மணி நேரம், மாதத்துக்கு 22 வேலை நாள் என்றால் 44 மணி நேரம். ஆண்டுக்கு 528. எட்டு மணி நேர நாட்களாக மாற்றினால் 66 நாள், அதாவது மூன்று மாத வேலை. விடுப்புகளைக் கழித்தாலும் இரண்டரை மாதத்துக்குக் குறையாது. “வருஷத்துல ரெண்டரை மாசம் சம்பளம் கிடையாது” என்று சேரும்போதே சொல்லியிருந்தால் யார் சேர்ந்திருப்பார்கள்? தினமும் இரண்டு மணி நேரமாகப் போவதால் போவது தெரிவதில்லை.

பேச்சும் அதை மறைக்கிறது. மில்லில் வேலை செய்பவர் “ஓ.டி. பார்த்தேன்” என்கிறார். அதில் ஒரு செயல் இருக்கிறது, அதற்கொரு கூலி இருக்கிறது. கணினி முன் அதே இரண்டு மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்தவர் “லேட்டாயிடுச்சு” என்கிறார். யாரும் எதுவும் செய்யவில்லை, நேரம் தானாகவே ஆகிவிட்டது என்பதுபோல.

சட்டம் இப்படிப் பேசுவதில்லை. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைக்கிறது. அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டிப்புக் கூலி. அப்படியும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. பெயருக்குப் பின்னால் ‘மேனேஜர்’ என்று சேரும்போது நாம் இனிப்பு வாங்கிக் கொடுக்கிறோம். அந்தச் சொல்லோடு எது கழன்றுபோகக்கூடும் என்று யாரும் பார்ப்பதில்லை.

“யாரும் கட்டிப்போடலையே, நீயாத்தானே உட்கார்ந்த?” என்பது அடுத்த கேள்வி. டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர்கள் வழக்கில், 1982ல், உச்ச நீதிமன்றம் இதைத் தொட்டது. கட்டாய உழைப்பைத் தடைசெய்யும் அரசியல் சாசனத்தின் 23ஆம் பிரிவை விளக்கிய நீதிபதி பகவதி, கட்டாயம் என்பது உடல்பலத்தால் மட்டும் வருவதல்ல, வறுமையும் வேறு வழியின்மையும்கூடக் கட்டாயமே என்றார். கல் சுமந்தவர்களின் நிலையும் குளிரூட்டிய அறையில் இருப்பவரின் நிலையும் ஒன்றல்ல. இரண்டையும் சமமாக்கினால் முதலாமவரை அவமதிப்போம். ஆனாலும் அந்தத் தீர்ப்பிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் சம்மதித்தாரா என்று பார்ப்பதற்கு முன், மறுக்க அவருக்கு இடமிருந்ததா என்று பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் நம் மரபிலிருந்து செஞ்சோற்றுக்கடன் குறுக்கே வரும். சோறு போட்ட இடத்தைக் குறை சொல்லலாமா? கர்ணன் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது லேசான கேள்வி அல்ல. ஆனால் துரியோதனன் கொடுத்தது சம்பளம் அல்ல. ஊரே பிறப்பைச் சொல்லிச் சிரித்தபோது கேட்காமல் கொடுத்த நாடும் மரியாதையும். அதற்குக் கடன் உண்டு. மாதச் சம்பளம் செய்துமுடித்த வேலைக்கானது. முப்பதாம் தேதி அந்தக் கணக்கு இரு பக்கமும் தீர்ந்துவிடுகிறது. தீராமல் நிற்பது அந்த 44 மணி நேரம்தான். அந்தக் கணக்கில் கடன்பட்டவர் ஊழியர் அல்ல.

இவற்றையெல்லாம் விட வலுவானது சக ஊழியர் பற்றிய தயக்கம். நான் ஆறரைக்குக் கிளம்பினால் என் வேலை பக்கத்து நாற்காலிக்குப் போகும். உண்மைதான். ஆனால் நான் உட்கார்ந்திருப்பதாலும் பக்கத்து நாற்காலிக்கு ஏதோ நடக்கிறது. நான் இனாமாகக் கொடுத்த நேரத்தையும் சேர்த்தே அடுத்த திட்டத்துக்கு நாள் குறிக்கிறார்கள். இன்னொரு ஆள் தேவை என்பது மேலே தெரியாமலே போகிறது. குழந்தையைக் காப்பகத்திலிருந்து அழைத்துவர ஆறரைக்குக் கிளம்பும் பெண்ணைப் பற்றி, “அவங்க சீக்கிரம் போயிடுவாங்க” என்கிறார்கள். அவர் சீக்கிரம் போகவில்லை, சரியான நேரத்துக்குத்தான் போகிறார். அதைச் சீக்கிரமாக மாற்றியது என்னைப் போன்றவர்கள் கொடுத்த இனாம். என் நேரம், நான் கொடுக்கிறேன் என்று சொல்லி முடித்துக்கொள்ள முடியாதது இதனால்தான்.

அப்படியானால் விட்டுவிட வேண்டியதுதானா? வீட்டுக்கடன் தவணை, நிறுவனத்தின் காப்பீட்டில் இருக்கும் அப்பாவின் இதய சிகிச்சை, 90 நாள் நோட்டீஸ். இவை இருப்பவரிடம் “தன்மானம் இல்லையா” என்று கேட்பது, அவற்றைச் சுமக்காதவரின் சுகம். வேலையை விடுவதும் ஒருவகை வசதிதான், எல்லோரிடமும் அது சமமாக இல்லை.

நண்பரிடம் நான் சொன்னது, விடுவதற்கு முன் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள் என்பதுதான். அங்கே ‘முடியாது’ என்று சொல்ல முடிகிறதா? ஒரு மாதம் கூடுதல் மணி நேரத்தைத் தேதிவாரியாகக் குறித்துவையுங்கள். அதைக் காட்டி, கூலியோ ஈடுவிடுப்போ வேலைக் குறைப்போ எழுத்தில் கேளுங்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டு வாரத்தில் இரண்டு நாள் ஆறரைக்குக் கிளம்புங்கள். அதைச் சாதாரணமாக ஏற்றுக்கொள்கிறார்கள் என்றால் அங்கே இருக்கலாம். அதன்பின் நெருக்கடியான ஓர் இரவில் கண்விழித்துச் செய்யும் வேலையை நீங்கள் விரும்பிக் கொடுத்தது என்று சொல்லலாம். மறுக்க முடியாத இடத்தில் கொடுப்பதைக் கொடை என்று எப்படிச் சொல்வது? அது வசூல். பதிலாக வருவது முகச்சுளிப்பும் அடுத்த மதிப்பீட்டில் குறைந்த புள்ளியும் என்றால், வீட்டில் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. இரண்டு மணி நேரத்துக்காக யாரும் விடவில்லை. வாய்திறந்து மறுக்க முடியாத இடம் என்று தெரிந்துகொண்டதால் விடுகிறார்.

அதற்குப் பிறகும் விட முடியாதவர்கள் இருப்பார்கள். அவர்கள் நடிக்காமல் இருந்தால் போதும். கட்டாயத்தில் இருப்பதை அர்ப்பணிப்பு என்று புதிதாக வந்த பையனிடம் சொல்லிக்கொடுக்க வேண்டாம். “தம்பி, எனக்கு வேற வழியில்ல, உனக்கு இருந்தா நேரத்துக்குக் கிளம்பு” என்று சொன்னாலே பெரிய உதவி.

விட முடிந்தவர்களுக்கும் ஒரு கடமை மிச்சமிருக்கிறது. போகும்போது கடிதத்தில் ‘சொந்தக் காரணம்’ என்று எழுதிவிட்டுப் போகிறோம். அதுவும் “லேட்டாயிடுச்சு” மாதிரியான பேச்சுதான். நம் வீட்டில் எதுவும் நடக்கவில்லை, காரணம் அங்கே இருக்கிறது. கூடுதல் நேரத்தின் கணக்கையும், கேட்டதையும், கிடைத்த பதிலையும் நாலு வரியில் எழுதிவைக்கலாம். படித்து யாரும் திருந்துவார்கள் என்று உறுதியில்லை. ஆனால் நம் மேசைக்கு வரப்போகிறவர் அதே கேள்வியைக் கேட்கும்போது, இதுவரை யாருமே இதைச் சொன்னதில்லை என்று அவரிடம் சொல்ல முடியாது.